ட்ரேஸ் ரூட்டீனும் ரெஜிஸ்டர் 15-உம்: மெயின்பிரேம் மரபுகளுக்கு ஓர் அறிமுகம்

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் நண்பரும் ஒரு மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) ஜாபோடு, அதாவது அதில் ஓட்டும் ஒரு வேலையோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளர் மொழியில் எழுதிய நிரல் அது. ரெக்கார்டு ஒவ்வொன்றையும் படித்து, சரிபார்க்கும் ரூட்டீன் (துணை நிரல்) ஒன்றிடம் கொடுக்கும். நல்லது என்று பதில் வந்தால் எழுதும், இல்லையென்றால் ஒதுக்கிவிடும். எப்போதாவது ஒரு நல்ல ரெக்கார்டு ஒதுங்கிவிடுகிறது என்பதுதான் புகார். காரணம் தெரிந்துகொள்ள, சரிபார்ப்பு முடிந்த கையோடு, ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்யும் ஒரு ட்ரேஸ் கட்டளையைச் சேர்த்தோம். சோதனைச் சூழலில் ஓட்டினால் கெட்ட ரெக்கார்டுகள்கூட நல்லவையாகப் போய்ச் சேர்ந்தன. அதே நிரலை ப்ரொடக்‌ஷன் தரவின் நகலோடு வேறொரு சிஸ்டத்தில் ஓட்டினால் நல்லது கெட்டது எல்லாமே ஒதுக்கப்பட்டன. சரிபார்க்கும் ரூட்டீனில் நாங்கள் ஓர் எழுத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

என்ன நடந்தது என்று புரிய, மெயின்பிரேமில் ஒரு நிரல் இன்னொரு நிரலை எப்படி அழைக்கிறது, பதில் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பது தெரிய வேண்டும். கோபோல் மொழியில் மட்டும் வேலை பார்ப்பவர்கள் இதைத் தொடாமலே பல வருடம் ஓட்டிவிடலாம். ஆனால் ஒரு டம்பை (நிரல் முறிந்தபோது எடுத்த நினைவக நகலை) கையில் எடுத்த அன்று இது இல்லாமல் ஓரடிகூட நகர முடியாது.

ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்தது. அதில் பொதுப் பயன்பாட்டுக்கு 16 ரெஜிஸ்டர்கள் இருந்தன, 0 முதல் 15 வரை. இன்று இசட் ஓ.எஸ். என்ற மெயின்பிரேம் இயங்குதளம் ஓடும் இயந்திரங்களிலும் அதே 16தான். அன்று 32 பிட் அகலம், இன்று 64 பிட். ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள்ளேயே இருக்கும் சின்ன அறை. கணக்கு, முகவரி என்று எதை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். எந்த அறையில் எதை வைப்பது என்பதைப் பெரும்பாலும் வன்பொருள் கட்டாயப்படுத்துவதில்லை. அது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

அந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? சிஸ்டம்/360-இல் ஸ்டாக், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து எடுக்கும் நினைவகப் பகுதி, கிடையாது. இன்று பெரும்பாலான கணினிகளில் ஒரு செயற்கூறை அழைத்தால், திரும்ப வேண்டிய முகவரி ஸ்டாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே அப்படி ஓர் இடமே இல்லை. இருப்பது 16 அறைகள். அழைத்த நிரலும் அழைக்கப்பட்ட நிரலும் அதே 16 அறைகளைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஆகவே யார் எதைப் பாதுகாப்பது, பதிலை எங்கே வைப்பது என்று எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் காரியம் ஆகும்.

ஏற்பாடு இதுதான். அழைக்கப்படும் நிரல் தொடங்கும் முகவரி ரெஜிஸ்டர் 15-இல் இருக்கும். வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி 14-இல் இருக்கும். அழைத்தவர் தன் வசம் வைத்திருக்கும் சேவ் ஏரியாவின் (ரெஜிஸ்டர்களை எழுதிக் காக்கும் நினைவக இடத்தின்) முகவரி 13-இல். கொடுக்க வேண்டிய தகவல்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் முகவரிப் பட்டியலை 1 காட்டும். அந்தப் பட்டியலில் எத்தனை முகவரிகள் என்று தனியே எண்ணிச் சொல்வதில்லை. கடைசி முகவரியின் முதல் பிட்டை 1 ஆக்கி வைப்பார்கள், அதைப் பார்த்ததும் பட்டியல் முடிந்தது என்று பொருள். முகவரி 24 பிட்டோ 31 பிட்டோ இருந்த வரை அந்த முதல் பிட்டுக்கு வேறு வேலை இல்லை என்பதால்தான் இந்த யுக்தி சாத்தியமானது.

வேலை முடிந்து திரும்பும்போது ரெஜிஸ்டர் 15-இன் வேஷம் மாறிவிடுகிறது. போகும்போது தொடக்க முகவரி, வரும்போது ரிட்டர்ன் கோடு, அதாவது வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண். இந்த ஒரே ரெஜிஸ்டரின் இரட்டை வேஷத்தை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. வெறும் எண் போதாதபோது, கூடுதல் விளக்கமாக ஒரு ரீசன் கோடு 0-இல் வரும். 2 முதல் 13 வரையுள்ளவை போனபடியே திரும்பி வர வேண்டும். 0, 1, 14, 15 ஆகிய நான்கும் அழைப்பின்போது கெட்டுப்போகலாம். அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு அழைத்தவருடையது.

சேவ் ஏரியா என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். மொத்தம் 72 பைட், அதாவது நான்கு பைட் கொண்ட 18 சொற்கள். பக்கத்து வீட்டு அடுப்படியில் சமைக்கப் போகிறவர், அங்கே இருந்த பாத்திரங்களை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, கிளம்பும்போது இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பதைப் போன்றது இது. அழைக்கப்பட்ட நிரலின் முதல் வேலை, 14, 15, 0, 1, 2 என்று தொடங்கி 12 வரையிலான 15 ரெஜிஸ்டர்களையும் அழைத்தவரின் சேவ் ஏரியாவில் 12-ஆம் பைட் முதல் வரிசையாக எழுதிவிடுவது. அசெம்பிளர் தெரிந்த யாரைக் கேட்டாலும் ‘எஸ்.டி.எம். 14,12,12(13)’ என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் 14-ஆம் ரெஜிஸ்டர் 12-ஆம் பைட்டிலும், 15-ஆம் ரெஜிஸ்டர் 16-ஆம் பைட்டிலும், 0-ஆம் ரெஜிஸ்டர் 20-ஆம் பைட்டிலும் இருக்கும்.

இந்தப் பட்டியலில் 13 இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குத் தனி ஏற்பாடு உண்டு. அழைக்கப்பட்ட நிரல் தனக்கென்று ஒரு சேவ் ஏரியாவை எடுத்துக்கொண்டு, அதன் 4-ஆம் பைட்டில் அழைத்தவரின் சேவ் ஏரியா முகவரியை எழுதும். அழைத்தவரின் சேவ் ஏரியாவில் 8-ஆம் பைட்டில் தன்னுடையதை எழுதும். முன்னும் பின்னும் கோத்த சங்கிலி தயார். ஸ்டாக் இல்லாத இயந்திரத்தில், யார் யாரை அழைத்தார்கள் என்பதற்கான வரலாறு இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது.

ட்ரேஸ் என்ற பேச்சு இங்கேதான் உள்ளே வருகிறது. ஒரு நிரல் அபெண்ட் ஆகி (பாதியில் முறிந்து) டம்ப் விழுந்தால், அதில் ‘சேவ் ஏரியா ட்ரேஸ்’ என்றொரு பகுதி அச்சாகும். ரெஜிஸ்டர் 13-இல் தொடங்கி, ஒவ்வொரு சேவ் ஏரியாவாகப் பின்னோக்கி நடந்து, இது இன்னாரால் அழைக்கப்பட்டது, அவர் இன்னாரால் அழைக்கப்பட்டார் என்று வரிசையாகக் காட்டும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நிரலின் பெயர் அதற்கு எப்படித் தெரிகிறது என்பதுதான். ரெஜிஸ்டர் 15 உள்ளே வரும்போது தொடக்க முகவரியைத் தாங்கி வந்தது, அது சேவ் ஏரியாவின் 16-ஆம் பைட்டில் பத்திரமாக இருக்கிறது. நிரலை எழுதியவர், ரெஜிஸ்டர்களைக் காக்கும் கட்டளைகளாகத் தானே விரியும் சேவ் மேக்ரோவில் பெயரும் சேர்த்திருந்தால், நிரலின் தொடக்கத்தில் முதலில் நான்கு பைட் தாவல் கட்டளை, அடுத்த பைட்டில் பெயரின் நீளம், அதற்கடுத்து பெயர் என்று இருக்கும். டம்ப் எழுதும் ரூட்டீன் அந்த முகவரிக்குப் போய் பெயரைப் படித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இடையில் ஒரே ஒரு நிரல் ஒழுங்காகக் கோக்காமல் விட்டால், சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். பின்னோக்கி நடந்து வருபவருக்கு அதற்கு முன்னால் நடந்தவை தெரியாது.

சரி, ரிட்டர்ன் கோடுக்கு வருவோம். 0 என்றால் எல்லாம் நலம். 4 என்றால் எச்சரிக்கை, ஆனால் வேலை நடந்திருக்கிறது. 8 என்றால் பிழை. 12 கடுமையான பிழை, 16 என்றால் மேற்கொண்டு ஓட முடியாத நிலை. இது பொதுவழக்கு. நுணுக்கமான அர்த்தம் ஒவ்வொரு நிரலுக்கும் மாறும். கோபோல்காரர்கள் ரிட்டர்ன்-கோடு என்ற சிறப்பு ரெஜிஸ்டரில் 8 போட்டால், நிரல் முடியும்போது அது போய்ச் சேரும் இடமும் இதே ரெஜிஸ்டர் 15தான்.

ஏன் நான்கு நான்காகக் கூடுகிறது? 1, 2, 3 என்று வைத்திருக்கலாமே என்று புதிதாக வரும் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். தாவல் கட்டளை ஒன்றின் நீளம் நான்கு பைட். அழைத்த நிரல் தாவல் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, அந்த அடுக்கின் தொடக்கத்தோடு ரெஜிஸ்டர் 15-ஐக் கூட்டித் தாவினால் போதும். 0 வந்தால் முதல் கட்டளை, 4 வந்தால் இரண்டாவது, 8 வந்தால் மூன்றாவது. பெருக்கவும் வேண்டாம், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம். நினைவகமும் நேரமும் விலை உயர்ந்திருந்த காலத்தின் புத்திசாலித்தனம் இது. அந்தப் பழக்கம் இன்றுவரை நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: 15-இல் வருவது நிஜமாகவே ரிட்டர்ன் கோடாக இருக்க வேண்டும். வேறு ஏதாவது குப்பை இருந்தால் தாவல் எங்கேயோ போய் விழும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எம். கையேடுகளில் சில இடங்களில் ரிட்டர்ன் கோடு ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்) முறையில் இருக்கும். அங்கே ‘10’ என்று பார்த்தால் அது பதினாறு. ஜாப் ஓடிய விவரம் பதிவாகும் ஜாப் லாகில் அதே எண் ‘0016’ என்று தசமத்தில் வரும்.

குப்பை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மெயின்பிரேம் உலகமே அறிந்த சான்று ஐ.இ.எஃப்.பி.ஆர்.14 என்ற நிரல். இதன் வேலை ஒன்றுமே செய்யாமல் திரும்புவது. ஜாபை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஜே.சி.எல். மொழியில் ஒரு டேட்டாசெட்டை (கோப்பை) உருவாக்கவோ நீக்கவோ ஒரு ஸ்டெப் (ஜாபின் ஒரு படி) வேண்டும், அந்த ஸ்டெப்பில் ஓட ஏதாவது ஒரு நிரல் வேண்டும், அதற்காக இது. முதலில் இதில் இருந்தது ஒரே ஒரு கட்டளை: ‘பி.ஆர். 14’. அதாவது 14-இல் உள்ள முகவரிக்குத் திரும்பு. மொத்தம் இரண்டு பைட். நிரலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இவ்வளவு சின்ன நிரலில் என்ன பிழை இருந்துவிடப் போகிறது? இருந்தது. உள்ளே வரும்போது ரெஜிஸ்டர் 15-இல் தொடக்க முகவரி இருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. திரும்பியதும் சிஸ்டம் அதை ரிட்டர்ன் கோடாகப் படித்தது.

ஸ்டெப்பின் ரிட்டர்ன் கோடுக்கு 12 பிட்தான் இடம், 0 முதல் 4095 வரை. எனவே முகவரியின் கடைசி 12 பிட்டுகள் ஜாப் லாகில் தெரியும். முகவரி ஹெக்ஸில் ‘எஃப்60’ என்று முடிந்தால் 3936 என்று வரும். முந்தைய ஸ்டெப்பின் கோடைப் பார்த்து ஓடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அடுத்த ஸ்டெப்புகள் இதனால் தடம் மாறும். தீர்வாக முன்னால் இன்னொரு கட்டளையைச் சேர்த்தார்கள்: ‘எஸ்.ஆர். 15,15’. 15-இலிருந்து 15-ஐக் கழித்தால் பூஜ்யம். நிரலின் அளவு இரண்டு பைட்டிலிருந்து நான்கு பைட்டானது.

இதே தவற்றைப் பெரிய நிரல்களிலும் செய்யலாம், கொஞ்சம் மறைமுகமாக. வேலை முடிந்து கிளம்பும்போது, முதலில் காப்பாற்றிய 15 ரெஜிஸ்டர்களையும் ‘எல்.எம். 14,12,12(13)’ என்று ஒரே வீச்சில் திரும்ப ஏற்றுகிறோம் என்று வையுங்கள். அதில் 15-உம் அடக்கம். சிரமப்பட்டுப் போட்டு வைத்த ரிட்டர்ன் கோடு போய், பழைய தொடக்க முகவரி வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ரிட்டர்ன் கோடை முன்கூட்டியே அழைத்தவரின் சேவ் ஏரியாவில் 16-ஆம் பைட்டில் எழுதிவிட்டு அதன்பின் ஏற்றுவார்கள். அல்லது 14-ஐத் தனியாகவும், 0 முதல் 12 வரை தனியாகவும் ஏற்றி, 15-ஐத் தொடாமல் விடுவார்கள்.

இப்போது எங்கள் ட்ரேஸ் கதைக்குத் திரும்பலாம். இசட் ஓ.எஸ்.-இல் ஜி.டி.எஃப். என்றொரு வசதி உண்டு. ஆபரேட்டர் அதைத் தொடங்கி வைத்தால், சிஸ்டத்தில் நடப்பவற்றை அது பதிவு செய்துகொண்டே இருக்கும். நம் நிரலிலிருந்தும் அதற்குத் தகவல் அனுப்பலாம், அதற்கு ஜி-ட்ரேஸ் என்ற மேக்ரோ. எந்தத் தகவல், எவ்வளவு நீளம், நிகழ்வின் அடையாள எண் என்ன என்று கொடுத்தால், அது ட்ரேஸில் ஒரு பதிவாகச் சேரும். அடையாள எண்களில் 0 முதல் 1023 வரை நம்மைப் போன்ற பயனர் நிரல்களுக்கு. ஜி-ட்ரேஸும் மரபுப்படி நடப்பதுதான். தன் பதிலை ரெஜிஸ்டர் 15-இல் வைக்கும். பதிவாகிவிட்டால் 0. ஜி.டி.எஃப். ஓடவில்லை, ஆகவே பதிவாகவில்லை என்றால் 4. நீளம் தவறு, முகவரி தவறு, பஃபர் நிறைந்துவிட்டது என்பவற்றுக்குத் தனித்தனி எண்கள்.

நாங்கள் அந்த மேக்ரோவை எங்கே போட்டோம்? சரிபார்க்கும் ரூட்டீனை அழைக்கும் வரிக்கும், ரெஜிஸ்டர் 15 பூஜ்யமா என்று பார்க்கும் வரிக்கும் நடுவில். சரிபார்த்த ரூட்டீன் வைத்த பதிலை ஜி-ட்ரேஸ் தன் பதிலால் மூடிவிட்டது. எங்கள் நிரல் அதைப் பார்த்துத்தான் ரெக்கார்டின் தலையெழுத்தை முடிவு செய்தது. சோதனைச் சூழலில் ஜி.டி.எஃப். ஓடிக்கொண்டிருந்தது, எனவே 15-இல் எப்போதும் 0, எல்லா ரெக்கார்டும் நல்லது. மற்ற சிஸ்டத்தில் அது ஓடவில்லை, எனவே எப்போதும் 4, எல்லாமே கெட்டது. அன்று மாலை இது புரிந்தபோது, ஒரு வாரம் வீணானதைவிட, சோதனையில் கிடைத்த அந்தச் சுத்தமான ‘சரி’யை நம்பியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தீர்வு இரண்டே வரி. ட்ரேஸுக்கு முன் 15-ஐ நினைவகத்தில் எழுது, ட்ரேஸ் முடிந்ததும் திரும்ப ஏற்று. 0-இல் ரீசன் கோடு வருவதாக இருந்தால் அதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். சிஸ்டம் மேக்ரோ எதுவானாலும் 0, 1, 14, 15 கெட்டுவிடும் என்று எண்ணிக்கொண்டே எழுதுவதுதான் பாதுகாப்பு.

நீங்களே ஒரு ட்ரேஸ் ரூட்டீன் எழுதப் போகிறீர்கள் என்றால் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். சாதாரண ரூட்டீன் 2 முதல் 13 வரை காப்பாற்றினால் போதும். ட்ரேஸ் ரூட்டீனோ அடுத்தவர் வேலையின் நடுவே நுழைந்து வேடிக்கை பார்ப்பது. அது வந்துபோன சுவடே தெரியக் கூடாது. ஆகவே 15, 0, 1, 14 உட்பட எல்லாவற்றையும் வந்தபடியே திருப்பித் தர வேண்டும். அப்படியானால் தன் தோல்வியை அது எங்கே சொல்லும்? தனக்கென்று ஓர் எண்ணியை வைத்துக்கொண்டு, பதிவாகாமல் போனவற்றை அதில் எண்ணி வைக்கலாம். ஜி.டி.எஃப்.-உம் இப்படித்தான். தவறவிட்ட நிகழ்வுகள் இத்தனை என்று ட்ரேஸிலேயே ஒரு பதிவைப் போட்டுவிடும்.

ரெஜிஸ்டர்களைக் காப்பாற்றியபின்பும் தப்பிவிடும் ஒன்று உண்டு: கண்டிஷன் கோடு. ஒப்பிட்டுப் பார்த்த முடிவு இரண்டு பிட்டுகளாகச் செயலியின் நிலைச் சொல்லில் இருக்கும், அது எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. ஒப்பிடும் கட்டளைக்கும் அதன்படி தாவும் கட்டளைக்கும் நடுவே ட்ரேஸ் வந்தால், ட்ரேஸ் போட வேண்டுமா என்று ஒரு கொடியைச் சோதிக்கும் ‘டி.எம்.’ கட்டளையே அந்த இரண்டு பிட்டுகளை மாற்றிவிடும். ட்ரேஸ் அணைந்திருந்தாலும் நிரல் தடம் மாறும். 24 பிட் முகவரிக் காலத்தில் இதற்கு அழகான வழி இருந்தது. ‘பி.ஏ.எல்.ஆர். 14,15’ என்று அழைத்தால், 14-இன் முதல் பைட் காலியாக இருப்பதால் கண்டிஷன் கோடும் அதில் ஏறிக்கொள்ளும். திரும்பும் முன் ‘எஸ்.பி.எம். 14’ என்றால் அது பழையபடி ஆகிவிடும். 31 பிட் வந்ததும் அந்த இடத்தை முகவரி எடுத்துக்கொண்டது. அப்புறம் கண்டிஷன் கோடை வெளியே எடுக்க ‘ஐ.பி.எம்.’ என்றே ஒரு கட்டளை வந்தது. நிறுவனத்தின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ப்ரோகிராம் மாஸ்க்கை ரெஜிஸ்டரில் செருகுவது என்பதன் சுருக்கம் அது.

ட்ரேஸ் பதிவுகளை வாசிக்கத்தக்க வடிவில் மாற்றும் ரூட்டீன்களும் உண்டு. டம்பையும் ட்ரேஸையும் ஆராய உதவும் ஐ.பி.சி.எஸ். மூலம் ஜி.டி.எஃப். பதிவுகளைப் பார்க்கும்போது, நம் பதிவுகளுக்கென்று நாமே எழுதிய ரூட்டீனை அது அழைக்கும். அங்கே ரிட்டர்ன் கோடின் பொருளே வேறு. இந்த வரியை அச்சிட்டுவிட்டு என்னிடமே திரும்பி வா, அல்லது அடுத்த பதிவுக்குப் போ என்று அழைத்தவருக்கு இடும் கட்டளை அது. 4 என்றால் எச்சரிக்கை என்ற பழக்கத்தை அங்கே எடுத்துப்போனால் அச்சில் பாதி வரிகள் காணாமல் போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்று அந்தந்தக் கையேட்டைப் பார்த்தே எழுத வேண்டும்.

கடைசியாக, எங்கள் பழைய புகார். ட்ரேஸைச் சரியான முறையில் போட்டபின் மீண்டும் ஓட்டினோம். இந்த முறை காப்பாற்றி வைத்த 15-இன் மதிப்பையே ட்ரேஸ் பதிவில் எழுதவைத்தோம். ஆயிரக்கணக்கான பதிவுகளில் 0, நடுநடுவே 8. தவறாக ஒதுக்கப்பட்ட ரெக்கார்டுகளுக்கு மட்டும் 0-உம் இல்லை, 8-உம் இல்லை, ஒரு பெரிய எண். ஒவ்வொரு முறையும் அதே எண். ஓடத் தயாரான நிரலான லோட் மாட்யூலில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தோம். சரிபார்க்கும் ரூட்டீனின் தொடக்க முகவரி அது. தொகை பூஜ்யமாக இருக்கும் ரெக்கார்டுகளுக்கு மட்டும் அந்த ரூட்டீன் ஒரு குறுக்குவழியில் வெளியேறியது. அந்த வழியில் சேவ் ஏரியாவின் 16-ஆம் பைட்டில் பூஜ்யத்தை எழுத யாரோ மறந்திருந்தார்கள்.